அரையில் நின்ற முள்

கஜீபனின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் காட்டும் முள் எப்போதும் அரையில்தான் நிற்கும். தாங்கி நிரம்பி வழிந்தாலும் அரை, காய்ந்து கிடந்தாலும் அரை. போன மாரியில் மீற்றருக்குள் தண்ணீர் போனதிலிருந்து அதன் கோலம் இது. கஜீபன் அதைத் திருத்த நினைக்கவில்லை. பெற்றோல் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டி, தாங்கிக்குள் சளக் சளக் என்று கேட்கிறதா என்று பார்ப்பான். அவனுடைய ஊரான அளவெட்டியில் பாதிப் பேர் அப்படித்தான். முள்ளை நம்புகிறவனைப் புதுச் சைக்கிள்காரன் என்று பகிடி பண்ணுவார்கள்.

அடுத்த வளவில் இருந்த சுபாஸ்கரன் முள்ளை நம்புகிறவர். தவில்காரர். அவருடைய ஸ்கூட்டியில் முள் சொன்னால் சொன்னதுதான். அந்த ஸ்கூட்டி திருத்த விட்டுக் கராச்சில் கிடந்த ஒரு முகூர்த்த நாள் காலை, பட்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி கஜீபனின் படலையடிக்கு வந்தார்.

"தம்பி, உடுப்பிட்டியிலை கலியாணம். தவில் மேளச் செற்றோடை வான் ஒண்டிலை போட்டுது. எனக்குக் கோயில் பூசைக்கு வாசிச்சு முடிய இவ்வளவு நேரமாப் போச்சு. உன்ரை மோட்டார் சைக்கிளை ஒருக்காத் தாறியோ?"

அந்தக் கலியாணம் அவருக்கு எப்படிப்பட்டது என்று கஜீபனுக்குத் தெரியும். போன வருடம் ஒரு கலியாணத்துக்கு அவர் காய்ச்சலால் போகவில்லை. காய்ச்சலில் கிடந்தவனை குடிவெறியில் கிடந்தவனாக்க எங்கள் ஊருக்கு அரை நாள் போதும். அதற்குப் பிறகு கோயிலைத் தவிர வேறு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நாதஸ்வரக்காரன் தேனுஜன்தான் கலியாணப் பெண்ணின் தகப்பன் பொன்னம்பலத்திடம் மன்றாடி, அவருக்குத் தான் பொறுப்பு என்று சொல்லி இந்தக் கலியாணத்தைப் பிடித்துக் கொடுத்திருந்தான்.

கஜீபன் சாவியைக் கொடுத்தான். பெற்றோல் இல்லையென்பதும் அவனுக்குத் தெரியும். முதல்நாள் பின்னேரம் வரும் வழியில் வண்டி இருமி நின்று, தாங்கியின் அடியில் மிஞ்சும் றிசேவுக்குத் திருப்பித்தான் வீடு வந்து சேர்ந்திருந்தான்.

"பெற்றோல் கிடக்கோ தம்பி?" என்று சுபாஸ்கரன் கேட்டார்.

கேட்ட நேரம் பிழை. பக்கத்தில் உதயகலா விளக்குமாறும் கையுமாக நின்றாள். இரண்டு நாளுக்கு முன் பெற்றோல் அடித்தபோது அவளும் பின்னால் இருந்தவள். நேற்று அவளுடைய தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தாள். சங்கத்தில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, கஜீபன் வட்டுக்கோட்டையில் கிரிக்கெட் பார்த்து, சிநேகிதர்களோடு காரைநகர்க் கடலிலும் குளித்துவிட்டு வந்தவன். பெற்றோல் இல்லை என்றால், அடித்ததெல்லாம் எங்கே போனது என்ற கேள்வி வரும்.

"முள்ளு அரையிலை நிக்குது அண்ணை" என்றான்.

பொய்யில்லை. முள் அரையில்தான் நின்றது. சுபாஸ்கரன் குனிந்து பார்த்தார், தலையாட்டினார், வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார். அச்சுவேலி வரைக்கும் றிசேவ் தாங்கும், வழியில் பெற்றோல் செட்டைக் கண்டால் மனுசன் அடிப்பார்தானே என்று கஜீபன் தன் மனத்துக்குச் சொன்னான். அரைத் தாங்கி இருக்கிறது என்று நம்பிப் போகிறவர், அதுவும் முகூர்த்தத்துக்கு ஓடுகிறவர், ஏன் செட்டில் நிற்கப் போகிறார்? இதையும் அவன் யோசித்தான். ஆனால் அவன் யோசித்த நேரம் சைக்கிள் சத்தம் வீட்டு ஒழுங்கையின் முடக்குத் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. தொலைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அது தானாக அடித்தது.

"தம்பி, வல்லை வெளியிலை நிண்டுட்டுது."

வல்லை வெளியை அறிந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் உவர் நிலம். கடை இல்லை, வீடு இல்லை, ஒதுங்க ஒரு மரம் இல்லை. காற்று ஆளைத் தள்ளும்.

"ஆட்டிப் பாத்தியளோ அண்ணை?"

"ஆட்டினன். ஒரு சத்தமும் இல்லை. முள்ளெண்டால் அரையிலைதான் நிக்குது."

உதயகலா கறிக்கு வெங்காயம் உரித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"றிசேவுக்குத் திருப்பிப் பாருங்கோ" என்றான் கஜீபன். அதைச் சொல்லும்போது அவனுக்கே வாய் கூசியது.

மறுபக்கத்தில் காற்று மட்டும் இரைந்தது. பிறகு, "அது திருப்பித்தான் கிடக்குது தம்பி" என்று சுபாஸ்கரன் சொன்னார். தொடர்பு அறுந்தது.

மிச்சக் கதையை மறுநாள் கஜீபன் சலூனில் கேட்டான். சொன்னவன் கலியாணத்துக்குப் போய் வந்தவன். மணவறைக்குப் பக்கத்தில் பாயில் தவில் இருந்ததாம், ஆளைக் காணோமாம். தேனுஜன் தனியே ஊதிக்கொண்டிருந்தானாம். சுபாஸ்கரன் எடுக்க எடுக்க அவனுடைய போன் பைக்குள் கிடந்து அடித்தது ஒருவருக்கும் கேட்கவில்லையாம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்க, யாரோ ஒரு பெடியன் தன் போனில் கெட்டிமேளத்தைத் தேடிப் பிடித்து மைக்குக்கு முன்னால் வைத்தானாம். பாட்டு வரமுதல் சவர்க்கார விளம்பரம் வந்ததாம். சனம் சிரித்ததாம். பொன்னம்பலம் சிரிக்கவில்லையாம்.

"எல்லாம் முடிஞ்சாப் பிறகு உந்தத் தவில்காரர் வந்தார் பார், ஆட்டோவிலை. வேட்டியெல்லாம் சேறு, கண் ரெண்டும் சிவப்பு, நடக்கேக்கை ஆடுறார். காலமையே தண்ணி போட்டிட்டார் எண்டு சனம் கதைச்சுது."

கஜீபனின் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தான். உப்புக்காற்றில் கண் சிவந்தது, வெயிலில் வண்டி தள்ளிக் கால் தள்ளாடியது என்று ஒரு வசனம் சொன்னால் போதும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுடையது குறுகுறுத்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. சலூன்காரன் தலையைக் குனியச் சொன்னான், குனிந்தான்.

அன்று பின்னேரம் சுபாஸ்கரன் சைக்கிளைக் கொண்டு வந்தார். சேறு போகக் கழுவித் துடைத்திருந்தார். கஜீபன் வெளியே வந்தான், பின்னால் உதயகலாவும் வந்தாள். பெற்றோல் எங்கேயோ ஒழுகியிருக்கும் என்று மனுசனே சொல்லிவிட வேண்டும் என்று கஜீபன் உள்ளுக்குள் நேர்ந்துகொண்டான். அவ்வளவு வெட்கம் கெட்ட நேர்த்தியை அவன் வாழ்க்கையில் வைத்ததில்லை.

"வழிய வழிய அடிச்சுக் கொண்டந்திருக்கிறன்" என்றார் சுபாஸ்கரன். சாவியைத் திருப்பி மீற்றரைக் காட்டினார். "முள்ளைப் பார் தம்பி."

முள் அரையில் நின்றது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். உதயகலா முள்ளைப் பார்த்து, பிறகு புருசனைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணை" என்றான் கஜீபன். "றிசேவிலை கிடந்ததும் தெரியும். கலா நிண்டவள். முந்தநாள் சங்கத்திலை கூட்டம் இல்லை, நான் மாட்ச் பாக்கப் போனனான். அதுதான் சொல்லேல்லை."

உதயகலா உள்ளே போனாள். அவளிடம் வாங்கப் போகிற ஏச்சு பிறகு வரும்.

சுபாஸ்கரன் ஏசுவார் என்று பார்த்தான். அவர் தாங்கியின் மேல் கையை வைத்து, தட்டாமல், சும்மா வைத்திருந்தார். "அந்தக் கலியாணத்துக்கெண்டு நான் ஒரு கிழமை கோயிலிலையிருந்து வந்தும் வாசிச்சுப் பழகினனான்" என்றார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"நான் மன்னிச்சு என்ன செய்யிறது? உடுப்பிட்டிக்கெல்லோ தெரிய வேணும்."

கஜீபன் சட்டையை மாற்றாமலே சைக்கிளை எடுத்தான். சுபாஸ்கரன் பின்னால் ஏறினார். வல்லை வெளியில் காற்று வண்டியை இழுத்தபோது, தாங்கி நிறைந்திருந்தும் கஜீபனின் கண் முள்ளுக்குத்தான் போனது.

பொன்னம்பலத்தின் வீட்டில் பந்தல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சுபாஸ்கரன் படலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கஜீபன் உள்ளே போய், நின்றபடியே சொன்னான். முள் அரையில் நிற்கும், தாங்கி வெறுமையாக இருந்தாலும் நிற்கும், அது தனக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுத்தது, அண்ணை ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்றான். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

பொன்னம்பலம் கதிரையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் வந்து சொன்னது நல்லது. அந்த மனுசனை நானும் பிழையா நினைச்சிட்டன்" என்றார். "ஆனால் என்ரை பிள்ளையின்ரை தாலிக்குப் போனிலைதான் மேளம் அடிச்சது. வீடியோவிலை சாகும்வரைக்கும் அதுதான் கிடக்கும். நேற்று முந்நூறு பேர் வந்தவை. எனக்குச் சொல்லிப்போட்டீர், அவைக்கு ஆர் சொல்லுறது?"

கஜீபன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

"என்னவாம்?" என்றார் சுபாஸ்கரன்.

"உங்களைப் பிழையா நினைச்சிட்டாராம்." மிச்சத்தைச் சொல்லச் சுணங்கினான். இந்த முறை அரையோடு நிறுத்தக் கூடாது என்று தோன்றியது. "முந்நூறு பேருக்கு ஆர் சொல்லுறது எண்டு கேட்டார்."

சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. வாசலில் கிடந்த நீள வாங்கில் நாலைந்து பேர் இருந்தார்கள். சுபாஸ்கரனைக் கண்டதும் ஒருவன் மற்றவனின் காதுக்குள் என்னவோ சொன்னான். கஜீபன் சைக்கிளை நிறுத்தி, சாவியை எடுத்தான்.

"இங்கை என்ன?"

"ஒரு தேத்தண்ணி குடிப்பம் அண்ணை" என்றான் கஜீபன். வாங்கில் இருந்தவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். அவன் உட்காரவில்லை; நின்றபடியே, "நேற்றுக் கலியாணத்துக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டான்.