லென்ஸக்காவின் வலது கண்

வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளை லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயந்துகொண்டே வருகிறவர்களுக்கு முன்னால் தன் கண்ணிலிருக்கும் லென்ஸைக் கழற்றி, மறுபடி மாட்டிக் காட்டுவாள்.

"பாரு, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது!"

ஒரு நாளைக்கு இருபது தடவை. கை கழுவுவது முதல் ஆளுக்கு மட்டும்தான். வீட்டில் லென்ஸ் டப்பாவில் இருக்கும் பழைய மருந்துத் தண்ணீரைக் கொட்ட மாட்டாள். அதன் மேலேயே நாலு சொட்டு ஊற்றிக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வலது கண் சிவந்தது. வியாழனன்று கருவிழியில் வெள்ளையாகப் புண். டாக்டரம்மா புண்ணைச் சுரண்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். லென்ஸ் டப்பாவையும் அனுப்பினார். இரண்டிலும் ஒரே பாக்டீரியா.

"டப்பாக்குள்ள பண்ணை வச்சே வளர்த்திருக்கீங்க."

"ஊருக்குத்தான் உபதேசம்," என்றான் கணவன்.

"புண் ஆறிடும். தழும்பு நடுவுல விழுந்தா பார்வை போயிடும். ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா.

கணவன் அலாரம் வைத்து மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டான். வலி போயிற்று. அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். கன்னத்தில் வழிந்ததெல்லாம் மருந்துதான்.

ஆறாவது வாரம். சுவரில் மாட்டியிருந்த பலகைக்குக் கீழே, அவளைப் பார்த்தபடி கணவன் உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா அவளுடைய இடது கண்ணை மூடினார்.

"பலகையைப் படிங்க."

கடையிலும் அதே எழுத்துப் பலகைதான். பன்னிரண்டு வருஷமாகப் பார்ப்பது. மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள்.

கணவன் துள்ளி எழுந்தான். "எம் பொண்டாட்டியா கொக்கா!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பலகையை மாத்தி ஒரு வாரமாச்சும்மா. இப்ப அங்க இருக்கிறது வெறும் நம்பர்."

கணவன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்கவில்லை.

"பொய் சொல்லணும்னு இல்ல டாக்டர். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிடுச்சு."

டாக்டரம்மா அவள் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினார். "இது எத்தனை?"

"ஏதோ ஆடுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாளைக்கு வேலைக்குப் போகலாமா?"

"போகலாம். லென்ஸ் மட்டும் இனிமே வேண்டாம்."

கணவனின் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. அவன் மருந்து பாட்டிலைத் திறந்தான். அவள் அண்ணாந்தாள்.