பல்லைக் கழற்றிவிட்டுச் சிரிக்கும் பெண்

1

இந்தக் கதை குற்றவுணர்வில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம்.

பீங்கான் சிற்பக் கண்காட்சி ஒன்றின் கையேட்டுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். பங்கேற்பவர்கள் பதினோரு பேர். எல்லோரும் வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டு வார இறுதியில் மண் பிசைபவர்கள். ஆளுக்கு ஒரு வரி. சிற்பம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் பதினோரு வரியையும் எழுதி அனுப்பிவிட்டுக் குட்டித் தூக்கமும் போட்டேன். ஏழாம் எண்காரருக்கு நான் எழுதியது இது: “வெறுமையின் விளிம்பில் அமர்ந்து களிமண் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி.”

மறுநாள் ஒரு பெண் போன் செய்தார்.

“சார், ஏழாம் நம்பர் நான்தான். ஒண்ணு கேக்கணும். களிமண் என்ன கேள்வி கேக்குது?”

நான் எழுதிய வரியைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன்.

“இல்ல சார், பாக்க வர்றவங்க கேட்டா சொல்லணும்ல. அதான்.”

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த வாரமே அவரைப் பார்க்கப் போனேன். அன்றும் கண்காட்சி முடிந்த பிறகும் அவர் சொன்னதில் இருந்துதான் இந்தக் கதை. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டவும் செய்தேன். அதன் விளைவுகள் ஏழாம் பகுதியில்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “ஈர மண் அவள் விரல்களுக்கிடையே ஒரு பிரார்த்தனையைப் போல—”

[நிறுத்தினேன். மண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் இறங்கிவிடுகிறது.]

இரண்டாவது: “அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பல்செட் செய்வது தொழில்.” இது இருக்கட்டும்.

(போனில் ‘அவர்’. கதைக்குள் வந்துவிட்டால் ‘அவள்’. மரியாதைக் குறைவில்லை, வாக்கியம் சிக்கனமாகும்.)

ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறை. ஒரே ஜன்னல். அலமாரி முழுக்க ஊராரின் தாடைகள், வெள்ளை பிளாஸ்டரில் வார்த்தவை, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு எண். அந்த அறையில் இருபத்து மூன்று வருஷமாக அவள் மெழுகில் ஈறு செதுக்கிப் பல்வரிசை அடுக்குகிறாள். மண் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் அவள் விரல் போகும் போக்கைப் பார்த்த டீச்சர், “முன்னாடியே பழக்கமா?” என்று கேட்டாள்.

“இதுவரைக்கும் வாய்க்குள்ள போற சாமான்தான் செஞ்சிருக்கேன்.”

அன்றிலிருந்து வகுப்பில் அவள் பேர் பல்லக்கா.

பல்லக்கா செய்வது உட்கார்ந்திருக்கும் ஆட்களை. முழங்கை நீளம், உள்ளே காலி. மருத்துவமனை வரவேற்பறையில் காத்துக் கிடப்பவர்களின் சாயல். ஒருத்தர் வாயும் திறந்திருக்காது. ஏன் என்று கேட்டதற்கு, “நாள் பூரா திறந்த வாயைத்தானே சார் பாக்கறேன். இவங்களாவது மூடிட்டு இருக்கட்டும்” என்றாள்.

3

இதற்கு முன் இரண்டு கண்காட்சிகளில் மேசை போட்டிருக்கிறாள். அங்கே நடந்த உரையாடல்களை அப்படியே தருகிறேன், என் கைச்சரக்கு எதுவும் இல்லை.

“இதுல பூ வைக்கலாமா?”

“இல்லீங்க, இது சிற்பம்.”

“தலையில ஒரு ஓட்டை போட்டிருந்தா வைக்கலாமே!”

இன்னொருவர் சிலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் விலை தேடினார். வேறொருவர், “நான்கூட இதெல்லாம் செய்வேன், நேரம்தான் இல்ல” என்றார். பல்லக்கா, “எனக்கும் இல்லீங்க” என்றாள். அவருக்குப் புரியவில்லை.

மேசையின் ஓரம் காலியாக இருக்கிறதே என்று முதல் கண்காட்சியில் நாலு சோப்புத்தட்டுகளைக் கொண்டுபோய் வைத்திருந்தாள். முதல் ஒரு மணி நேரத்தில் நாலும் போயின. உட்கார்ந்திருந்த ஆட்கள் உட்கார்ந்தபடியே வீடு திரும்பினார்கள். இரண்டாவது கண்காட்சிக்குச் சோப்புத்தட்டு ஒரு டஜன். அதுவும் போயிற்று. பொறுப்பாளர்—கழுத்தில் எந்தப் பருவத்திலும் ஒரு துண்டைச் சுற்றியிருப்பவர்—அவளை ஓரமாக அழைத்துப் போய், “இந்தச் சோப்புத்தட்டு உங்க சிற்ப மொழியை நீர்த்துப்போக வைக்குது” என்றார், ரொம்ப வருத்தமாக. பிறகு அவர் வீட்டுக்கென்று இரண்டு வாங்கிக்கொண்டார்.

4

இங்கே நாத்தனார் வருகிறாள்.

நாத்தனார் என்றதும் நீங்கள் ஒரு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனிக்காமல் இல்லை. நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். முதல் படியில் அவளை வில்லியாகவே எழுதினேன்: “புருவத்தை உயர்த்தினால் வீடே—” [அடித்துவிட்டேன். பல்லக்கா சொன்னதில் அப்படி ஒரு ஆள் இல்லை.]

புருஷனின் அக்கா, பல்லக்கா கூப்பிடுவது ‘அண்ணி’ என்று. வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது வருஷமாக அவள் சிரித்துக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோக்களில்கூட வாயை இறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். அதிகாரத் திமிர் என்றார்கள், பென்ஷன் கொழுப்பு என்றார்கள். சின்னப் பிள்ளைகள் அவள் இருக்கும் அறைக்குள் கால்விரலால் நடக்கும்.

விஷயம் இவ்வளவுதான்: கீழ்ப் பல்செட் நிற்பதில்லை. தாடை எலும்பு தேய்ந்துவிட்டதால் வாய்விட்டுச் சிரித்தால் செட் மேலே கிளம்பிவிடும். ஒன்பது வருஷம் முன்பு யோகா முகாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வெளியூர் போய் எல்லாப் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள். செட் செய்து கொடுத்தது பல்லக்கா. இது அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கூடப் பிறந்த தம்பிக்குக்கூடத் தெரியாது.

ஒரு மத்தியானம் நாத்தனார் வீட்டுப் படுக்கையறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, பல்லக்கா அந்தச் செட்டைச் சுரண்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாத்தனார் பிரம்பு நாற்காலியில் பொக்கை வாயோடு உட்கார்ந்து பழைய கதை ஒன்று சொன்னாள். ஆய்வுக்கு இவள் வருவது தெரிந்து ஒரு தலைமையாசிரியர் பின்ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தாராம். இடுப்பு மாட்டிக்கொண்டதாம். இவள் உள்ளே இருந்தபடி அவர் கால்களிடம் வருகைப்பதிவேட்டைப் பற்றிக் கேள்வி கேட்டாளாம். சொல்லச் சொல்ல நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. கன்னம் உள்ளே போய், கண் மறைந்து, ஈறு மொத்தமும் தெரிய, நாற்காலி கிறீச்சிடச் சிரித்தாள்.

பல்லக்காவின் கை வேலையை நிறுத்திவிட்டது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “நான் சும்மாதான் பாத்துட்டு இருந்தேன் சார். கைதான் அதை வாங்கி வச்சுக்கிச்சு.”

அடுத்த மூன்று வாரத்தில் சிலை எழுந்தது. பிரம்பு நாற்காலியில் ஒரு பெண். தலை பின்னால் சாய்ந்த சிரிப்பு. மடியில், விரிந்த உள்ளங்கையில், கழற்றி வைத்த பல்செட். இருபத்தெட்டுப் பல்லும் எள் எள்ளாக, தொழில் சுத்தமாக. கை பழகத்தான் செய்கிறோம், முடிந்ததும் பிசைந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிசையவில்லை. சூளையில் வெடித்துத் தொலைந்தால் நிம்மதி என்று பாதி மனசு இருந்தது. சூளையைத் திறந்தபோது பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் யானைக்கூட்டம் சுக்குநூறாகியிருந்தது. இவள் ஒரு கீறல் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

5

பொறுப்பாளருக்கு அதைப் பார்த்ததும் கழுத்துத் துண்டு நழுவிவிட்டது. வாசலுக்கு நேரே, தனிப் பீடத்தில், விளக்கு போட்டு வைக்க வேண்டும் என்றார்.

“தலைப்பு?”

“மத்தியானம்னு வச்சிருக்கேன்.”

“வேண்டாம். பேர் இருந்தா பாக்கறவங்க யோசிக்க மாட்டாங்க. ‘பெயரிடாதது, எண் நான்கு.’”

“மீதி மூணு?”

“அது கிடையாது. நாலுன்னாத்தான் ஒரு தொடர்ச்சி தெரியும்.”

புருஷன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சொந்த அக்கா. “யாரு இது? எங்க ஸ்கூல் வாட்ச்மேன் மாதிரியே இருக்கு” என்றான். பல்லக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் போயிற்று.

“ஞாயித்துக்கிழமை அக்காவைக் கூட்டிட்டு வர்றேன்.”

“அண்ணிக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க.”

“நீயே முடிவு பண்ணா எப்படி?”

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு நேரம் இருந்தது. சிலையை ஒரு துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். கீறல் விட்டுவிட்டது என்று பொறுப்பாளரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்டேன்.

“நல்லா வந்திருந்துச்சு சார்.”

அவ்வளவுதான் காரணம். எனக்கு அது தெரிந்த காரணம். என் மாமா கடையில் நஷ்டப்பட்டு அழுததை நான் ஒரு கதையில் வைத்து, அதற்குப் பரிசும் வாங்கி, பரிசளிப்புக்கு அவரையே முதல் வரிசையில்— [இந்தக் கதை என்னைப் பற்றியது இல்லை. மேலே போகலாம்.]

6

ஞாயிறு காலை பதினோரு மணி. நல்ல கூட்டம். பாதிப் பேர் சோப்புத்தட்டு இந்தத் தடவை உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தம்பியோடு நாத்தனார் உள்ளே வந்தாள். வாசலுக்கு நேரே பீடம். நின்றாள்.

நெடுநேரம் நின்றாள். ஆய்வாளராக இருந்தபோது வருகைப்பதிவேட்டைப் பார்த்த அதே பார்வை என்று தம்பி பின்னால் பெருமையாகச் சொன்னானாம். பல்லக்கா தூண் ஓரமாக நின்றிருந்தாள். கால் ரெண்டும் தன்னுடையதாக இல்லை என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் வந்தார், அவளுடைய முதலாளி. சிலையைப் பார்த்ததும் கையைத் தட்டினார்.

“பிரமாதம்மா! இதை எனக்குக் குடுத்துரு. நம்ம வெயிட்டிங் ஹால்ல வைக்கலாம். கீழ ஒரு போர்டு: ‘இந்த நிலைமை வருமுன் எங்களிடம் வாருங்கள்.’”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். மண் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஆறு வருஷமாகப் பல்லக்கா காத்திருந்த முதல் சிற்ப விற்பனை அது. தலையாட்டினால் போதும்.

“இல்ல டாக்டர்” என்றாள். குரல் பாதிதான் வந்தது. “இது விக்கறதுக்கு இல்ல.”

“விலைச்சீட்டு இருக்கே?”

“அது வித்துப்போச்சு” என்றது இன்னொரு குரல். நாத்தனார். விற்றதற்கு அடையாளமாக ஒட்டும் சிவப்புப் பொட்டுத் தாளைப் பொறுப்பாளர் கையில் இருந்து வாங்கி, ஒன்றை உரித்து, விலைச்சீட்டின் மேல் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

“யார் வாங்கினாங்க?”

“நான்.”

பொறுப்பாளர் கேமராக்காரரைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். “மேடம், இந்தப் படைப்புல உங்களை ஆழமா பாதிச்சது எது?”

நாத்தனார் யோசித்தாள். “நாற்காலி” என்றாள். பிறகு வாயை இறுக்கிக்கொண்டாள்.

பல்லக்காவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கண்காட்சி முடிந்த மாலை, சிலையை ஒரு துவாலையில் சுற்றி, காரின் முன் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டையையும் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

7

என் முதல் படியில் இந்த இடம் வேறு மாதிரி இருந்தது. டாக்டர் போர்டு என்று சொன்னதும் நாத்தனார் கூட்டத்தின் நடுவே தன் பல்செட்டைக் கழற்றி, சிலையின் காலடியில் வைத்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். மண்டபமே அமைதியாகிறது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

பல்லக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“சினிமா எடுக்கறீங்களா சார்? அண்ணி செத்தாலும் அப்படிச் செய்ய மாட்டாங்க.”

“ஒரு உச்சம் வேணும்ல?”

“ஒன்பது வருஷமா ஒருத்தர் மறைச்சு வச்சிருக்காங்க. நான் செஞ்சதே பாவம். நீங்க வேற எல்லார் முன்னாடியும் கழட்டச் சொல்றீங்க.”

அடித்துவிட்டேன். மேலே ஆறாம் பகுதியில் இருப்பது அவள் ஒப்புக்கொண்டது. (‘கால் ரெண்டும் தன்னுடையதாக இல்லை’ மட்டும் என்னுடையது. அவள் சொன்னது, ‘ஒண்ணுக்கு வந்துச்சு சார்.’)

8

மூன்று வாரம் நாத்தனாரிடமிருந்து போன் இல்லை. பல்லக்கா ஏதோ சாக்கில் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனாள். கூடத்தில் சிலை இல்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. நாத்தனார் காபி கொடுத்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், அவ்வளவுதான்.

நாலாவது வாரம், டாக்டர் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், நாத்தனார் பின்வாசல் வழியாக அந்த அறைக்குள் வந்தாள். தாடைகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“கீழ ஆடுதும்மா” என்று சொல்லி, செட்டைக் கழற்றிப் பல்லக்காவின் கையில் வைத்தாள், மேலதையும் சேர்த்து.

உள்பக்கம் புதுப் பூச்சு கொடுத்து, இறுகியதும், ஓரத்தைத் தேய்க்க மோட்டாரைப் போட்டாள் பல்லக்கா. முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, மோட்டார் சத்தத்தின் மறைவில் கேட்டுவிட்டாள்.

“அண்ணி, அதை என்ன பண்ணீங்க?”

நாத்தனார் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். பல் இல்லாத வாய். மோட்டார் இரைச்சல். பின்பாதி மட்டும்தான் தெளிவாகக் காதில் விழுந்தது: “—ச்சேன்.”

மோட்டாரை அணைத்துத் திரும்பியபோது நாத்தனார் அலமாரியில் யாருடைய தாடையையோ எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை கேட்க முடியுமா? செட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு முறை கடித்துப் பார்த்து, “இப்பப் பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பல்லக்காவுக்குச் சில நாள் அது ‘உடைச்சேன்’ என்று கேட்கிறது. அன்றைக்கு மண்ணைத் தொடுவதில்லை. சில நாள் ‘ஒளிச்சேன்’. எனக்கு ‘ரசிச்சேன்’ என்று கேட்கிறது. ஆனால் நான் எழுதுகிறவன், எனக்கு அப்படித்தான் கேட்கும், ஆதாரம் எதுவும் கிடையாது.

நாத்தனாரையே போய்க் கேட்கலாம் என்றேன். பல்லக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது.

ஆகவே இது இனி உங்கள் பொறுப்பு. பக்கத்தில் ஆள் இல்லாதபோது இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள், பல் துளிகூட வெளியே தெரியக் கூடாது. மூன்று வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். நான் நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்றும் ஒன்றுபோலவே வந்து விழுந்தன. உங்கள் வாயில் எது வருகிறதோ, அதை இந்தக் கோட்டின் மேல் எழுதிக்கொள்ளுங்கள்:

“_______ச்சேன்.”