இரண்டு பேருக்கான மேசை

"நாம ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து முகம் பாத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு" என்று பெண்டாட்டி சொன்னால் புத்தியுள்ள மனுஷன் என்ன செய்வான்? டிவியை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்காருவான். என் வீட்டுக்காரர் துரை தச்சு வேலையில் இறங்கினார்.

நானும் அதைச் சும்மா சொல்லவில்லை. பேருந்து நிறுவனமொன்றில் கால அட்டவணை போடுவது என் வேலை. வேறு ஊரில் திறக்கப்போகிற புதிய கிளைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போகச் சொல்லியிருந்தார் எங்கள் மேலாளரம்மா. போனால் இப்போதைக்குத் திரும்ப முடியாது. இவரோ தன் ஆபீஸையும் சோபாவையும் விட்டு அசையமாட்டார். ஆளுக்கொரு ஊரில் இருக்க ஆரம்பித்தால் நாங்கள் மறுபடி சேரப்போவதில்லை. அதை நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, இருவருக்கும் தெரியும். அதனால்தான் வெட்கத்தை விட்டு வாயைத் திறந்தேன்.

"எதிரெதிரா உக்காரணும், அவ்ளோதானே? அதுக்கு ஒரு ஐடியா இருக்கு" என்றார் துரை.

ஐடியா இதுதான். பழைய வீடியோ கேம் கடைகளில் நின்றுகொண்டு ஆடும் பெட்டிகளோடு, உட்கார்ந்து ஆடுகிற மேசை ஒன்றும் இருக்குமாம். கண்ணாடிக்கு அடியில் திரை மல்லாந்து படுத்திருக்கும். எதிரெதிரே நாற்காலி போட்டு இரண்டு பேர் முறை வைத்து ஆடுவார்கள். ஒருவர் முறை முடிந்ததும், அடுத்தவருக்கு நேராகத் தெரியும்படி படம் அப்படியே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். அந்த மாதிரி ஒன்றை வீட்டிலேயே செய்து, ஞாயிறுதோறும் நாங்கள் இரண்டு பேரும் ஆடப்போகிறோமாம்.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் உருகியும் போனேன், அந்த அசட்டுத்தனத்தை மறைப்பானேன். மேலாளரம்மாவிடம் அவகாசம் கேட்டேன். "அடுத்த திங்கள் வரைக்கும் பாக்கறேன்மா, அதுக்கு மேல வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார். அந்த மேசையில் இவரோடு ஒரே ஒரு ஆட்டம் ஒழுங்காக ஆடி முடித்துவிட்டால் போகவேண்டாம் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். இவரிடம் அதைச் சொல்லவில்லை. கெடு திங்கட்கிழமை என்பது மட்டும் இவருக்குத் தெரியும்.

மரம் வாங்கி வருவார் என்று பார்த்தேன். ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால், எங்கள் சாப்பாட்டு மேசையின் நடுவில் ஓட்டை. கால்களும் பாதிக்கு மேல் போயிருந்தன. "அருமையான பலகை, வீணா கெடந்துச்சு" என்றார். தினமும் நாங்கள் அதில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அன்று முதல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம், அதுவும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில், டிவியைப் பார்த்தபடி. முகம் பார்த்துப் பேசுவதற்கு எடுத்த முதல் நடவடிக்கை அது.

ஓட்டையும் ஒழுங்காக இல்லை. ஆபீஸில் கழித்துப்போட்ட மானிட்டரைத் தூக்கி வந்து, அதன் சட்டத்தோடு சேர்த்து அளவெடுத்திருக்கிறார். அறுத்து முடித்த பிறகு சட்டத்தைக் கழற்றியிருக்கிறார். திரை ஓட்டைக்குள் தொபுக்கென்று விழுந்தது. சுற்றிலும் அட்டையைச் செருகிக் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு, "டிசைனே இப்படித்தான்" என்றார். பொத்தான்களுக்கு இடம் குறிக்க என் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டார். திருகு கழன்றது. மரத்தூள் தலையணை உறைக்குள்ளெல்லாம் வந்தது. ஆபீஸில் போட்டோ காட்டி அடித்த தம்பட்டத்துக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

வேலை உருப்படியாக நடந்தது என்றால் அது ஸ்க்ரூவால். இவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். டிவி பழுது பார்ப்பவன். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருக்கும், அதனால் அந்தப் பெயர். இரண்டு பக்கமும் ஜாய்ஸ்டிக், பொத்தான்கள், அவற்றுக்கான ஒயர்கள், ஸ்பீக்கர் எல்லாம் அவன் கைவேலை. இவர் டார்ச் பிடித்தார். அதையும் அவன் கண்ணில் அடித்தார்.

கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை மதியம் கண்ணாடி வந்தது. மேலே பொருத்தி ஸ்விட்சைப் போட்டார்கள். பளிச்சென்று படம் வந்தது. இவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார், வழக்கம்போல் சீக்கிரமே செத்தார். உடனே படம் தலைகீழாகத் திரும்பியது. கைதட்டிக் குதித்தார்.

"பாத்தியா! இப்ப உன்னோட சான்ஸ். உன் பக்கம் திரும்பிடுச்சு பாரு!"

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். ஸ்க்ரூ சொன்னான்: "டேய், அந்தப் பக்கம் ஒரு தடவ உக்காந்து பாத்துடேன்."

"எதுக்குடா? எனக்குத் தலைகீழா தெரிஞ்சா அவளுக்கு நேரா தெரியுதுன்னுதானே அர்த்தம்?"

கணக்கு சரிதான். ஸ்க்ரூவும் தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினான். இவர் சாயங்காலம் வரை தனியாக ஆடினார். தன் முறையை நேராகவும், என் முறையைக் கழுத்தைத் திருகிக்கொண்டு தலைகீழாகவும் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டார். எதிரே இருந்த நாற்காலிக்கு நாலு எட்டு நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் தலை வாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். கிண்டல் செய்ய இத்தனை இருந்தும் புடவை மாற்றினேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது. திறப்பு விழாவுக்கு ஸ்க்ரூவையும் வரச் சொல்லியிருந்தார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது. பரவாயில்லை என்று ஒருக்களித்துக்கொண்டேன். இவர் தன் முறையை ஆடி முடித்தார். படம் திரும்பியது.

"ம், ஆடு!"

கறுப்பாக இருந்தது. குனிந்தேன், தலையைச் சாய்த்தேன். கண்ணாடிக்கு அடியில் ஏதோ நிழல் ஊர்ந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் தெரியலங்க."

"தெரியாம என்ன? நல்லா பாரு. இங்கேர்ந்து ஜம்முனு தெரியுது."

ஸ்க்ரூ எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "பழைய ஆபீஸ் மானிட்டர்டா இது. கீழ் ஓரத்துப் பக்கமிருந்து சரிச்சுப் பாத்தா இருட்டாத்தான் இருக்கும். அண்ணி அந்த ஓரத்துலதான் உக்காந்திருக்காங்க. கடையில நல்ல மானிட்டர் ஒண்ணு சும்மா கெடக்கு. எல்லாப் பக்கமும் தெரியும். கொண்டாரேன், கண்ணாடியத் தூக்கி மாத்திடலாம். இன்னிக்கே முடிஞ்சிடும்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'சரி, கொண்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு ஆபீஸில் மாட்டேன் என்று சொல்லிவிட நான் தயாராக இருந்தேன். காலம் பூராவும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடக்கூடத் தயார்.

"மறுபடியும் பிரிக்கணுமாடா?" என்று அலுத்துக்கொண்டார். "எனக்கு நல்லாத்தானே தெரியுது." பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "நீ ஒண்ணும் கவலப்படாத. நான் இங்கேர்ந்து பாத்து இடது, வலதுன்னு சொல்லிட்டே வர்றேன். நீ அமுக்கினாப் போதும்."

ஸ்க்ரூ என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "கடையத் திறந்துபோட்டுட்டு வந்துட்டேன்" என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான்.

"இடது. இடது! ஐயோ, அமுக்குன்னா அமுக்க மாட்டியா?"

எனக்கு அழுகை வரவில்லை. இப்படிப்பட்ட ஒருவருக்காகவா தலை வாரிக்கொண்டேன் என்று கேவலமாகத்தான் இருந்தது. ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தேன். மடியிலிருந்த போனை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மேலாளரம்மாவைக் கூப்பிட்டேன். லீவு நாளில் தொந்தரவு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டேன். போகிறேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

அதற்குள் என் முறை தானாகச் செத்துப்போயிருந்தது. படம் இவர் பக்கம் திரும்பிவிட்டது. குனிந்து மும்முரமாக ஆடிக்கொண்டே கேட்டார்: "யாரு போன்ல?"

"ஆபீஸ். புது ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டேன்."

கை நின்றது. அன்றைக்கு முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என் முகத்தை நேராகப் பார்த்தார். போகாதே என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப இத நான் யாரு கூட ஆடுறது?" என்றார்.