நட்டுத் துளையில் மூன்று கோட்

எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. பாத்திரம் கழுவினால்கூட அடிப்பாகம் பளபளக்க வேண்டும். அந்தக் குணம்தான் என் வீட்டு மனிதர்களை யமன் வாசல்வரை அனுப்பிவிட்டது.

எங்கள் காரின் சக்கரங்கள் நடைபாதை ஓரங்களில் உரசி உரசிச் சொறி பிடித்தாற்போல் இருந்தன. கடையில் கொடுத்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. பழைய போர்வையை விரித்து, உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து, பிரைமர் பூசி, வெள்ளி நிற ஸ்ப்ரே அடித்தேன். நட்டு உட்காரும் துளைகளைச் சுற்றி மட்டும் வெறும் உலோகமாக இருந்தது. கம்பெனிக்காரனின் கஞ்சத்தனம் என்று திட்டிக்கொண்டே அங்கேயும் மூன்று கோட் அடித்தேன்.

"இதுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம் போலிருக்கே" என்றார் அவர், சக்கரங்களை மாட்டி நட்டுகளை முடுக்கியபடி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். மலையிறக்கச் சாலை. ஸ்டெப்னிக்கும் பெயிண்ட் அடித்திருந்தேன். சரியாகக் காயவில்லை என்று அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு, மாட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க, டப்பாவில் கிடந்த பழைய நட்டு ஒன்றை ஸ்டெப்னியின் துளையில் வைத்து அழுத்தித் திருப்பினேன். பெயிண்ட் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நட்டு இரும்புப்பிடியாக உட்காரத்தான் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நடுவில் பெயிண்ட் இருந்தால், ஓட ஓட அது பொடிந்து உதிரும். நட்டு தளர்ந்துவிடும்.

அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மகள் எடுத்தாள்.

"அப்பா வண்டி ஓட்டுறாரும்மா."

"ஸ்பீக்கர்ல போடு. கார்ல ஏதாவது சத்தம் வருதா?"

"ஆமா, டக்கு டக்குன்னு. அதுக்குத்தான் அப்பா பாட்ட சத்தமா வச்சிருக்காரு."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்னங்க, மெதுவா ஓரங்கட்டுங்க. பிரேக்க ஓங்கி மிதிச்சிடாதீங்க. சக்கரம் கழண்டுக்கும்."

"என்ன உளர்ற?"

பாட்டு நின்றது. அந்த டக்கு டக்கு எனக்கே கேட்டது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. மகள் "அப்பா" என்றாள். அத்தோடு போன் கட்டாகிவிட்டது.

திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. போர்வைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடவுளே, என்னை எடுத்துக்கொள், அவர்களை விட்டுவிடு என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"நிறுத்திட்டேன்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "ஒரு சக்கரத்துல ரெண்டு நட்டக் காணோம். மிச்சம் கையால திருகினாலே வருது."

"எந்தச் சக்கரம்?"

"பின்னாடி. பாப்பா உக்காந்திருந்த பக்கம்."

"அவ எங்க?"

"இங்கதான். கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வலிக்குதுங்கிறா. விட முடியல."

"வலிச்சா வலிக்கட்டும். விடாதீங்க" என்றேன்.