எச்சில் படாத சொல்

"பெத்த பொண்ணு மட்டும் வரட்டும். ஹோம் புள்ளைங்க தள்ளி நில்லுங்க. அம்மான்னு கூப்பிட்டவதான் வாய்க்கரிசி போடணும்" என்று சண்முகம் மாமா அரிசித் தட்டை மௌரீனின் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டார்.

மகாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா படுத்துக் கிடந்த மூன்று வாரமும் பீ மூத்திரம் அள்ளியவள் மௌரீன். தங்கச்சி செத்த பிறகு ஓசூரில் பஸ் ஏறி வந்த இந்த மனுஷன் சட்டம் பேசுகிறார்.

"அப்படின்னா யாருமே போட முடியாது மாமா. இந்த வீட்டுல ஒருத்தரும் அவங்கள அம்மான்னு கூப்பிட்டதில்ல. என்னையும் சேத்துதான்."

ஷாமியானாவுக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பொம்மனஹள்ளியில் அந்த ஒற்றை அறை வீட்டில் இருபத்தேழு குழந்தைகள் வளர்ந்து போயிருந்தன. தத்து கொடுக்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அநாதைக் குழந்தைகள் ஹோமிலிருந்து சிஸ்டர்கள் கொண்டுவந்து விடுவார்கள். முதல் குழந்தை வந்தபோது மகாவுக்கு நாலு வயது. அன்றைக்கே அவளைப் பெற்ற வள்ளியம்மா சொல்லிவிட்டாள்.

"இனிமே என்னை ஆயான்னுதான் கூப்பிடணும். நீ அம்மான்னா பாப்பாவும் அம்மான்னும். அது தத்தெடுக்க வரப்போற அவங்கம்மாவுக்குன்னு இருக்கிற சொல்லு. நாம எச்சில் பண்ணி அனுப்பக் கூடாது."

பள்ளிக்கூடத்து வாசலில் "ஆயா" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட மகாவிடம், உங்க அம்மா வரலையா, வேலைக்காரியை அனுப்பிட்டாங்களா என்று டீச்சர் கேட்டாள். அன்று வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கி எறிந்தாள் மகா. "பாப்பா தூங்குறப்பவாவது கூப்பிடுறேனே" என்று அழுதாள்.

"தூங்குற புள்ளைக்கும் காது இருக்குடி."

மௌரீனின் கதை இன்னும் மோசம். சூம்பிய காலைப் பார்த்துவிட்டு யாரும் அவளைக் கேட்டு வரவில்லை. பத்தொன்பது வருஷம் இங்கேயே வளர்ந்தாள். அவளுக்கும் அந்தச் சொல்லைக் கொடுக்கவில்லை வள்ளியம்மா. "நாளைக்கே யாராவது வந்துட்டா?" என்பாள். இதற்காகவே மகா பெற்றவளோடு மாதக் கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள். எவளோ ஒருத்திக்காகப் பொத்திப் பொத்தி வைத்தாயே, எங்களைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிந்தது? இப்போதும் கேட்கத்தான் தோன்றியது. பதில் சொல்லாமல் தப்பித்துப் போய்விட்டாள்.

மகா தட்டை மாமாவிடமிருந்து பிடுங்கினாள்.

"என்னடி இது, நாலு பேர் முன்னால..."

"நாலு பேரும் பாக்கட்டும்."

ஒரு பிடி அள்ளி மௌரீனின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். இடுப்பில் கடைசிக் குழந்தையோடு மௌரீன் நொண்டியபடி வந்தாள். அந்தக் குழந்தைக்கு எட்டு மாதம். திங்கட்கிழமை மைசூரிலிருந்து அதைத் தத்தெடுக்க அதன் அப்பா அம்மா வருகிறார்கள்.

"ஆயா" என்று சொல்லி மூன்று முறை போட்டாள். அவளுக்கு வேறு சொல் தெரியாது.

அடுத்து மகா. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று விடிந்ததிலிருந்தே முடிவு செய்திருந்தாள். ஒரே ஒரு தடவை. தடுக்க அவள் எழுந்து வரப்போவதில்லை. குனிந்து, மஞ்சள் பூசிய முகத்துக்குப் பக்கத்தில் போனாள். 'அ' என்று வாய் திறந்து, 'ம்' என்று உதடுகள் மூடின.

மௌரீனின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த குழந்தையும், மகாவின் வாயையே பார்த்தபடி, எச்சில் ஒழுகும் உதடுகளை மூடியது.

மகா அதை முறைத்தாள். அது விடாமல் பார்த்தது.

"ஆயா" என்றாள் மகா, தெருவுக்கே கேட்கும்படி. பல்லைக் கடித்துக்கொண்டு அரிசியைப் போட்டாள்.