ரோஸ்மேரிக்கு நிழல் ஆகாது

முதல் ரோஸ்மேரிச் செடி பதினேழு நாளில் அழுகிப்போனது. இரண்டாவது ஒரு மாதம் தாக்குப்பிடித்தது. இரண்டுக்கும் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியவர் சுருளிவேல். முப்பது வருடம் மலையில் ஏலத்தோட்டம் பார்த்துவிட்டு, முழங்கால் வலியோடு போடியிலிருந்த வீட்டுக்கு இறங்கியவர். வேரில் ஈரம், தலைக்கு மேல் நிழல். அவருக்குத் தெரிந்த வேளாண்மை அவ்வளவுதான்.

மூன்றாவது செடியை அவர் மனைவி ஒச்சம்மாள் மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாள். மண்ணில் பாதிக்குப் பாதி மணலைக் கலந்து, சித்திரை வெயிலில் வைத்தாள்.

"ஏ புள்ள, பொசுங்கிரும். கீழ கொண்டா."

"பொசுங்கட்டும்."

"ஏலத்தையே வளத்தவன் சொல்றேன். முடி கொட்டுதுன்னா கருவேப்பிலைய அரைச்சுத் தேயி. இந்த ஊசி எலை எதுக்கு?"

"ரெண்டக் கொன்னவரு பேசக்கூடாது."

பக்கத்து மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த பேச்சி சிரித்தாள். "அண்ணே, கேசு ஸ்ட்ராங்கா இருக்கு. இறங்கிப் போயிருங்க."

காய்ச்சலுக்குப் பிறகு கொட்டிய முடிக்காகத்தான் ஒச்சம்மாள் செடி வாங்கினாள். இப்போது முடி பெரிதாகப் படவில்லை. வெயில் ஆகாது, தையல் வகுப்பு வேண்டாம் என்று அவளையும் சுருளிவேல் தடுத்திருந்தார். கூட்டம் ஆகாது, மதுரைக்குத் தனியே போக வேண்டாம் என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆறாம் நாள் இலை நுனிகள் பழுத்திருந்தன. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? விரலை மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்தாள். அடியில் இன்னும் ஈரம் இருந்தது; தண்ணீருக்கு அவசரமில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சுருளிவேல் வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அவள் மாடிக் கதவை மறித்து நின்றாள்.

"நகரு."

"மாட்டேன்."

"செத்துரும்டி."

"செத்தா என் கையில சாகட்டும். உங்க கையில பொழைக்க வேணாம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார், யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல.

"அந்தத் தண்ணியக் கீழ இருக்குற முருங்கைக்கு ஊத்துங்க," என்றாள்.

அவர் திரும்பினார். ஒவ்வொரு படிக்கும் வாளி தளும்பியது. ஓடிப்போய்க் கை கொடுக்க அவளுக்குக் கால் பரபரத்தது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வியாழக்கிழமைதான் இதுக்குத் தண்ணி," என்று படியைப் பார்த்து உரக்கச் சொன்னாள். "நான் ஊத்துவேன்."