ஒன்று புள்ளி ஒன்று

மாதத்தின் கடைசி ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, தம்பி அண்ணனுக்கு முடிவெட்டினான். இரண்டு நாற்காலி போட்ட சலூன். இருவருக்கும் அதுதான் பிழைப்பு. கிருதா இரண்டும் அளந்து வைத்தாற்போல் இருந்தன. அன்று வந்த தம்பியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்தது. கிரியாட்டினின் 1.1. கிட்னிக்கு அது நல்ல எண். ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் கொடுத்த சிறுநீரகம் தம்பி உடம்பில் தங்கமாக வேலை செய்தது.

"உன் கிட்னியும் உன்னை மாதிரியேண்ணே. லீவே போடாது."

"பத்திரமா வெச்சுக்கடா. திருப்பிக் கேட்டாலும் கேட்பேன்."

அடுத்த வாரம் தம்பியிடம் சவரம் செய்துகொண்டு எழுந்தார் தபால்காரர். இடது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா, இந்தப் பக்கம் அடுத்த மாசமா?"

கடையே சிரித்தது. தம்பியும் சிரித்தான். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவன் தலையைத் திருப்பித் திருப்பித் தேடியதைப் பார்த்த அண்ணன், கத்தியை வாங்கி மிச்சத்தைத் தானே வழித்தான்.

மறுநாள் தம்பியின் இடது தோள் கதவு நிலையில் இடித்தது. அதற்கடுத்த நாளும்.

"டாக்டர்கிட்ட போயிடலாம்டா."

"போனா கிட்னி மாத்திரையில கை வெப்பாங்க. ஒரு வேளை விட்டாலே கிட்னியை உடம்பு ஏத்துக்காதுன்னு சொன்னாங்கல்ல? சீட்டுல ஒண்ணு புள்ளி ஒண்ணுதானே இருக்கு. அப்புறம் என்னண்ணே?"

கண்ணாடியில் இருந்த எண்ணை அண்ணனும் நம்பினான். தம்பி கண்ணில் இடப்பக்கமும் படட்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொடுத்தான். மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஒரு காலை தம்பி கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, அது எதற்கு என்று கேட்டான்.

ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி டாக்டர் சொன்னார்: "பல பேர் உடம்புல சும்மா தூங்கிட்டிருக்கிற வைரஸ் இது. மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வெச்சதால முழிச்சு மூளைக்கு ஏறிடுச்சு. இதுக்குன்னு மருந்து கிடையாது. மாத்திரையைக் குறைச்சா உடம்பே சண்டை போடலாம். ஆனா கிட்னி போனாலும் போயிடும்."

"போகட்டும் சார். ஆள் இருந்தா போதும்." அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "மூணு வாரம் முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார்.

படுக்கையின் வலப்பக்கத்திலேயே அண்ணன் உட்கார்ந்திருந்தான். இடப்பக்கம் போனால் தம்பிக்கு அண்ணனே இல்லாமல் போனான். பிறகு வலப்பக்கமும் அப்படித்தான் ஆயிற்று.

தம்பி போன மறுநாள் கடைசிப் பரிசோதனைச் சீட்டு கைக்கு வந்தது. அண்ணன் அதைப் பழைய சீட்டின் பக்கத்தில் செருகி வைத்தான்.

கிரியாட்டினின் 1.1.